எலிஹு யேல் துரை

அமெரிக்க தேசத்து யேல் ஸர்வகலாசாலையின் கீர்த்தியைக் கேளாத படித்தவர் அரியர். தம் பெயரை அதற்கு ஈந்த எலிஹு யேல் ஐந்து வருஷம் நமது சென்னையில் கவர்னராக இருந்தவர் என்பதையும், அவர் நாளில் நம் ஜனங்கள் தலைக்கு ஒரு வராகன் சுங்கம் கட்டிக் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் அறிந்தவரோ மிகச் சிலரே.

யேல் 1649-ல் பாஸ்டன் நகரில் பிறந்தார். அந்நகரம் அடங்கிய மாஸச்சூஸெட்ஸ், அதற்கு எட்டு வருஷம் முன்னரே, 1641-ல், அடிமை வைப்பதைச் சட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. 1662-ல் வர்ஜீனியா மாகாணத்தார், தாய் அடிமையாயின் சேயும் அடிமையே என்று விதித்தனர். யேலோ சிறு குழந்தையாகவே இங்கிலாந்து சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராக அமர்ந்து, 1672-ல் சென்னைக்கு வந்தார்.

இக்கரையில் அடிமை வியாபாரத்தைத் தொடங்கியவர் அவரல்லர். 1646-ல், யுத்தமும் பஞ்சமும் செஞ்சிச் சீமையையும் தஞ்சையையும் வாட்டிய சமயத்தில், டச்சுக்காரர் 2,000-க்கு மேற்பட்டவரைப் பட்டாவியாவுக்குக் கொண்டுபோயினர். அவருள் பெரும்பாலோர் தென் சோழமண்டலத்தார். கண்டாச்சிபுரத்தைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து கஞ்சி தேடிக் கடற்கரைக்கு நடந்தவர்களும் அவர்களிடையே இருந்திருக்கக் கூடும்.

1687 ஜூலையில் யேல் கவர்னரானார். அப்பொழுதும் கொடும் பஞ்சம்; ஆள் விலை மலிந்தது. அவ்வருஷத்தில் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் சென்னையிலிருந்து ஏற்றுமதியாயினர். ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் பத்து அடிமைகளையேனும் ஏற்றவேண்டும் என்ற கட்டளையும் உண்டு. அடிமைகள் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பப்பட்டனர். கம்பெனியார் இதைத் தடுக்க எண்ணவில்லை. சுங்கம் விதித்து வருமானமாக்கிக்கொண்டனர். விலைக்குக் கிடைத்தவர் போதாமல், பிள்ளைகளைத் திருடி விற்பதும் தொடங்கிற்று.

அக்காலத்தில்தான் யேல் துரையின் ஒரே மகன் டேவிட் சிறு வயதில் மாண்டான். அவன் சமாதி இன்றும் சென்னை ஹைக்கோர்ட்டை அடுத்து நிற்கிறது. கப்பலேறிய பிள்ளைகளின் பெற்றோருக்கு அழுவதற்கு அத்தகைய இடமும் இல்லை.

1688-ல் கோட்டையார் இவ்வியாபாரத்தைத் தடுத்து, மீறுவோருக்கு 50 வராகன் அபராதம் விதித்தனர். இரக்கத்தால் அன்று. ஆள் கிடைப்பது அருகிச் சுங்க வருமானம் குறைந்துவிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தோரின் முறையீடும் ஓங்கிற்று. அதற்கு முந்திய வருஷம் கோல்கொண்டாவை வென்ற ஔரங்கஜேப்பின் அதிகாரிகளோ ஆள் விற்பனையை வெறுத்தனர். முகலாயரின் கோபத்திற்கு அஞ்சியே கம்பெனியார் கதவை அடைத்தனர்.

1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை யேல் கிரயம் வாங்கினார். பீரங்கிக் குண்டு எட்டிய தூரம் வரை கிராமங்கள் கம்பெனிக்குச் சேர்ந்த வேடிக்கையை கடலூர்ப் பக்கத்தார் அறிவர். சொந்த வியாபாரத்தில் மிதமிஞ்சிப் பொருள் குவித்தாரென்ற புகாரால் 1692-ல் பதவி இழந்த அவர், 1699-ல் பெருந்தனவந்தராக லண்டன் திரும்பினார்.

1718-ல் கனெக்டிகட் நாட்டுக் கல்லூரி ஒன்று உதவி கோர, ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ஜார்ஜ் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கு சுமார் 560 பவுனுக்கு விற்றது. அதற்கு நன்றியாகவே கல்லூரி அவர் பெயர் பூண்டது. 1721-ல் யேல் காலமானார்.

1719-ஐ ஒட்டித் தீட்டிய ஒரு சித்திரத்தில், யேல் துரை மேஜையருகே உறவினருடன் அமர்ந்திருக்கிறார். குழந்தைகள் பின்னே விளையாடுகின்றனர். ஓரத்தில் பணிவிடைக்கு நிற்கும் கறுப்புச் சிறுவனின் கழுத்தில் உலோகப் பட்டை பூட்டியிருக்கிறது. அச்சித்திரம் இப்பொழுது யேல் ஸர்வகலாசாலையின் வசமே இருக்கிறது.