அலைகளால் வானைக் கண்டவர்

வானூர்தியை முகில் மறைக்கும், இருள் மறைக்கும், தொலைவு மறைக்கும். இம்மூன்றையும் ஊடுருவிக் காணும் கருவியே ரேடார். வானூர்தி நிலையம் முதல், போர் விமானத்திலிருந்து பாயும் ஏவுகணை வரை இன்று பலவும் இதனை நம்பி இயங்குகின்றன. 1930களில் பல நாட்டு அறிஞர்கள் இத்துறையில் தனித்தனியே உழைத்தனர். அவர்களுள், ரேடாரை ஒரு நாட்டின் வான் அரணாக உரிய காலத்தில் எழுப்பியவர் ராபர்ட் வாட்சன்-வாட்.

இடிமுகிலைத் தேடிய இளமை

ஸ்காட்லாந்தின் பிரீக்கின் என்னும் சிறுநகரில், 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஒரு தச்சரின் மகனாக அவர் பிறந்தார். டண்டீ நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, 1912இல் பொறியியல் பட்டம் பெற்றார். அங்குப் பேராசிரியர் வில்லியம் பெட்டி, வானொலி அலைகளை ஆராயும் ஆர்வத்தை அவருள் விதைத்தார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915இல், வாட்சன்-வாட் வானிலை அலுவலகத்தில் பணியேற்றார். இடிமுகில்கள் அக்கால வானோடிகளின் உயிருக்கு ஊறு விளைவித்தன. மின்னல் வெட்டும்போது வானொலி அலைகளும் எழுகின்றன. அவை வரும் திசையை அறிந்தால், இடிமுகில் இருக்குமிடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால், மின்னலின் அலை நொடிப்பொழுதில் மறைந்துவிடும். எனவே, அந்த அலையின் திசையை ஒளிக்கோடாகத் திரையில் காட்டும் எதிர்மின்கதிர்க் குழாயை 1920களில் அவர் பயன்படுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அலையைக் கண்ணால் காணும் இப்பயிற்சியே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையானது.

கொல்லும் கதிரும் காணும் அலையும்

1930களில் ஐரோப்பாவைப் போர்மேகம் சூழ்ந்தது. குண்டுவீச்சு விமானங்களைத் தடுக்க வழியே இல்லை என்னும் அச்சம் இங்கிலாந்தில் பரவியிருந்தது. விமானத்தின் ஓசையைத் திரட்டித் தரும் பெரிய கற்காரைச் சுவர்களைக் கடற்கரையில் எழுப்பிப் பார்த்தனர். விமானங்களின் வேகம் கூடக்கூட, அவை தரும் எச்சரிக்கை நேரம் குறைந்துகொண்டே போனது.

இந்நிலையில், வானோடியைக் கொல்லும் கதிரொன்றை உருவாக்க இயலுமா என வான்படை அமைச்சகம் வாட்சன்-வாட்டிடம் வினவியது. அவர் தம் உதவியாளர் ஆர்னால்டு வில்கின்சிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏறத்தாழ நாலரை லிட்டர் நீரை, 98 பாகை பாரன்ஹீட்டிலிருந்து 105 பாகைக்குச் சூடேற்ற எவ்வளவு வானொலி ஆற்றல் வேண்டும் என்பதே அக்கணக்கு. அந்நீரின் அளவு மனித உடலின் குருதி அளவை ஒத்தது. கணக்கின் உட்பொருளை வில்கின்ஸ் உணர்ந்துகொண்டார். அத்துணை ஆற்றலை உண்டாக்க எவராலும் இயலாது என்பதே விடையாயிற்று.

ஆயினும், முயற்சி அங்கே முடியவில்லை. அருகில் விமானம் பறக்கும்போது வானொலிச் சைகை தடுமாறுவதை அஞ்சல்துறைப் பொறியாளர்கள் கண்டிருந்ததை வில்கின்ஸ் நினைவுகூர்ந்தார். கொல்ல முடியாவிட்டாலும், காண முடியும் என்னும் கருத்து பிறந்தது. வில்கின்சின் கணக்குகளைக் கொண்டு, 1935 பிப்ரவரியில் வாட்சன்-வாட் தம் அறிக்கையை அளித்தார்.

வயல்வெளியில் ஒரு சோதனை

கணக்கு மட்டும் போதாது, கண்ணால் காணவேண்டும் என வான்படைத் தலைவர்களுள் ஒருவரான ஹியூ டவுடிங் கேட்டார். 1935 பிப்ரவரி 26ஆம் நாள், டாவென்ட்ரி நகரின் பிபிசி சிற்றலை ஒலிபரப்பி 49 மீட்டர் அலைகளை வீசியது. அவ்வழியே ஹேஃபோர்டு வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்று பறந்தது. சில கிலோமீட்டர் அப்பால், வயல்வெளியில் நின்ற ஊர்திக்குள் வாட்சன்-வாட் குழுவினர் திரையை நோக்கியிருந்தனர். விமானம் நெருங்க நெருங்க ஒளிப்புள்ளி நீண்டது. விலக விலகச் சுருங்கியது. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வரை விமானத்தைத் தொடர முடிந்தது. அரசு நிதி வழங்கியது.

அடுத்த கட்டமாக, துடிப்பு துடிப்பாக அலைகளை அனுப்பினர். வானொலி அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும். அனுப்பிய துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், விமானம் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனப் பொருள். ஆர்ஃபோர்டு நெஸ் கடற்கரையில் 1935 ஜூனில் 27 கிலோமீட்டர் தொலைவிலிருந்த விமானம் இம்முறையில் கண்டறியப்பட்டது.

காலத்தே வந்த கருவி

வாட்சன்-வாட் அமைத்த கடற்கரை ரேடார் தொடர் குறைகள் நிறைந்தது. கடற்புறம் மட்டுமே அதற்குத் தெரியும். நிலத்தைக் கடந்து உள்ளே வந்துவிட்ட விமானத்தை மனிதர்களே கண்ணால் தொடரவேண்டும். அக்கால ஜெர்மானிய ரேடார்கள் சில நுட்பத்தில் இதனைவிடச் சிறந்தவை. இதனினும் மேலான கருவி பிறக்கும் என்பதை அவரும் அறிவார். ஆனால், தலைசிறந்தது வந்து சேர்வதே இல்லை. அடுத்தது காலங்கடந்து வரும். எனவே, மூன்றாவதையே இன்று கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இருக்கும் உறுப்புகளைக் கொண்டே விரைந்து கட்டினார்.

1939இல் போர் மூண்டபோது கிழக்கு, தெற்குக் கடற்கரைகளில் சுமார் இருபது நிலையங்கள் விழித்திருந்தன. அங்குக் கிடைத்த செய்தி தொலைபேசி வழியே தலைமையகத்தை அடைந்து, உடனே போர் விமானங்களை வழிநடத்தியது. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் திரண்டு வந்தபோது, எண்ணிக்கையில் குறைந்த இங்கிலாந்து வான்படை வீணே சுற்றித் திரியாமல் எதிரி வரும் இடத்திற்கே சென்று பொருதது.

இக்குழுவைச் சேர்ந்த எட்வர்டு போவென், ரேடாரைச் சிறிதாக்கி விமானத்துக்குள்ளேயே பொருத்தினார். அதனால் இரவிலும் எதிரியைத் தேட முடிந்தது. போருக்குப் பின், 1950களில் அமெரிக்கர் உருவாக்கிய ஸ்பாரோ போன்ற ஏவுகணைகள் இதன் தொடர்ச்சியே. போர் விமானத்தின் ரேடார் இலக்கின்மீது அலையை வீச, அதிலிருந்து தெறிக்கும் எதிரொலியை ஏவுகணை பற்றிச் செல்லும். காணும் கண்ணாகத் தோன்றியது, தாக்கும் கைக்கும் வழிகாட்டியது.

புகழும் பங்கும்

1942இல் வாட்சன்-வாட் சர் பட்டம் பெற்றார். அரசு பெருந்தொகையும் வழங்கியது. வில்கின்சின் பெயரோ நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. முதற்கணக்கு வில்கின்சுடையது, அதனை அரசை ஏற்கச் செய்து, ஆட்களைத் திரட்டி, நான்கே ஆண்டுகளில் நாட்டின் அரணாக்கிய ஊக்கம் வாட்சன்-வாட்டினுடையது. இரண்டில் ஒன்று இல்லையெனினும் அவ்வரண் எழுந்திராது.

பின்னாளில் கனடாவில் மகிழுந்தை விரைந்து ஓட்டியதற்காக அவர் அபராதம் செலுத்த நேர்ந்தது. அவரது வேகத்தைக் காட்டிக்கொடுத்தது காவலரின் ரேடார் கருவியே. தம் படைப்பிடம் தாமே அகப்பட்டதை எள்ளி, அவர் ஒரு கவிதையும் எழுதினார். 1973 டிசம்பர் 5ஆம் நாள் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் மறைந்தார்.

முழுமைக்குக் காத்திராமல், கையிலிருந்த அறிவை உரிய காலத்தில் பயன்படுத்தத் துணிந்ததே வாட்சன்-வாட்டின் வாழ்வு உணர்த்தும் பாடம்.