சித்திரக்கதை தந்த ஆசிரியர்

பாடப் புத்தகத்துக்குள் முத்து காமிக்ஸையும் லயன் காமிக்ஸையும் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அந்தக் கலைக்கு வித்திட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்றால் அவர்கள் வியப்படையக் கூடும். பெயர் ரொடோல்ஃப் டோப்ஃபர். ஊர் ஜினீவா. பிறந்தது 1799.

தந்தை பெயர் பெற்ற ஓவியர். மகனும் தூரிகையையே நாடினான். ஆனால் கண்ணில் கோளாறு. வண்ணம் குழைத்து நிறபேதம் பார்க்கும் தொழிலுக்கு அந்தக் கண்கள் உதவா என்று தெளிவானபோது அவருக்கு வயது இருபது இருக்கும். இருபது வயதில் வழி அடைபடுவது என்றால் என்ன என்று நம் போன்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸ் சென்று படித்துத் திரும்பினார், ஆசிரியரானார், சொந்தமாக விடுதிப் பள்ளியும் நடத்தினார். 1832இல் ஜினீவா அக்காதெமியில் இலக்கியப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

ஓவியத்தை விட்டவர் பேனாவை விடவில்லை. 1827இல், மாணவர்களை மகிழ்விக்க, வியூ புவா என்ற காதல் பித்தரின் கதையைக் கோடுகளால் கிறுக்கினார். வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் தம் கையெழுத்தில் ஓரிரு வரி. பேச்சுக் குமிழி கிடையாது. வைமர் நகரில் இருந்த ஜினீவா அறிஞர் சொரே மூலம் இத்தகைய ஏடுகள் முதுமை எய்திய கவிஞர் கெதேயின் கைக்குச் சென்றன. அவர் சில தாள்கள் வீதம் நிறுத்தி நிறுத்திச் சுவைத்தார், வெகுவாகப் பாராட்டினார். அப்படியும் டோப்ஃபருக்குத் தயக்கம் தீரவில்லை. 'திரு. ழாபோ' 1833இல் அச்சாகியும் 1835இல்தான் கடைக்கு வந்தது. பேராசிரியர் படம் கிறுக்கலாமா என்ற கேள்வி எந்த ஊருக்கும் பொதுதான் போலும்!

ழாபோ மேல்மக்களோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் பகட்டுக்காரர். ஒவ்வோர் இடறலுக்குப் பின்னும் அவர் மீண்டும் மிடுக்காக நிமிர்ந்து நிற்பதாக அதே சிறு வாக்கியம் வருகிறது. வாக்கியம் மாறுவதில்லை, படம்தான் மாறுகிறது. வரியை மட்டும் படித்தால் அவர் கண்ணியவான். படத்தை மட்டும் பார்த்தால் யாரோ விறைத்து நிற்கிறார், அவ்வளவுதான். இரண்டும் மோதும் இடத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது. சொல் இல்லாவிட்டால் படம் மங்கலாகும், படம் இல்லாவிட்டால் சொல்லுக்குப் பொருளே இராது என்று டோப்ஃபரே விளக்கியிருக்கிறார். படத்துக்குச் சொல் வெறும் விளக்கவுரை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர் கையாண்ட அச்சு முறையும் இதற்குத் துணை நின்றது. கல்லச்சில் நேராக எழுதினால் எழுத்து தலைகீழாக அன்று, இடவலம் மாறி விழும். அவரோ தனி வகைத் தாளில் நேராகவே எழுதி, வரைந்து, அதைக் கல்லில் படியச் செய்தார். ஆகவே எழுத்தும் கோடும் ஒரே பேனாவின் ஓட்டம், ஒரே நடுக்கம். நுணுக்கம் வேண்டாத அந்த விரைந்த கோடு, பழுதுற்ற கண்களுக்கும் ஏற்றதாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1845இல் அவர் எழுதிய முகவியல் நூல். எவ்வளவு மோசமாக வரைந்தாலும் ஒரு முகத்துக்கு ஏதேனும் ஒரு பாவம் வந்தே தீரும் என்கிறார். பிறகு புருவத்தை மட்டும் மாற்றுகிறார்; வாயை மட்டும் மாற்றுகிறார்; விளைவைக் குறிக்கிறார். ஒன்றை மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும் நம் ஆய்வுக்கூட நெறி இதுவே அல்லவா? மண்டை ஓட்டின் மேடுபள்ளம் பார்த்துக் குணம் சொல்லும் அக்காலப் போலி விஞ்ஞானத்தை அவர் நம்பவில்லை. 'திரு. கிரேப்பேன்' கதையில் அதை நன்றாகவே கிண்டல் செய்தார். ஆனால் 'அல்பேர்' கதையில் ஜினீவாவின் சீர்திருத்தவாதிகளை அதே பேனாவால் குத்தியதை என்னால் ரசிக்க முடியவில்லை.

1839இல் பாரிஸில் ஒரு பதிப்பகத்தார் அவர் கதைகளைக் கேளாமலே மறுவரைந்து விற்றனர். வியூ புவா 1842இல் ஆங்கிலத்தில் நியூயார்க்கையும் எட்டினார். 1845இல் 'கிரிப்டோகாம்' பாரிஸ் வார இதழில் வந்தபோது, மரக்கட்டை அச்சுக்காக அதை மறுபடி வரைந்தது ஷாம் என்ற இன்னோர் ஓவியரின் கை. டோப்ஃபர் அப்போது நோயுற்றிருந்தார். 1846 ஜூனில், நாற்பத்தேழாம் வயதில், மறைந்தார்.