காட்டுத்தீயும் டீட்ரிச் பிராண்டிசும்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற ஊர். சூளையில் தீயின் வேலை அளவோடு நடைபெற வேண்டும். வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, உரிய நேரம் வரை நிறுத்தி, மெல்ல ஆறவிட வேண்டும். விரைந்து ஏற்றினால் பாண்டம் வெடிக்கும்; வெப்பம் போதாவிட்டால் மண் இறுகாது. சூளைக்குள் அடங்கிய தீயை மனிதன் நெடுங்காலமாக ஆண்டு வருகிறான். சுவரும் கூரையும் இல்லாத காட்டில் பரவும் தீயை எவ்வாறு ஆள்வது என்பது அதனினும் கடினமான கேள்வி. இந்தியக் காடுகளில் அக்கேள்வியை ஓர் அரசுத் துறையின் தலையாய கடமையாக்கியவர் டீட்ரிச் பிராண்டிஸ். அவர் கண்ட விடையின் ஒரு பகுதி இன்றும் நிலைத்திருக்கிறது. மற்றொரு பகுதியை அவர் உருவாக்கிய துறையினரே பின்னாளில் திருத்த நேர்ந்தது.

பிராண்டிஸ் 1824ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தார். தந்தை தத்துவப் பேராசிரியர். அவருடைய பணியின் பொருட்டுக் குடும்பம் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தது. பின்னர்க் கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்ற பிராண்டிஸ், பான் பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் கற்பிக்கத் தொடங்கினார். செராம்பூரில் சமயப்பணி ஆற்றிய ஜோசுவா மார்ஷ்மனின் மகள் ரேச்சலை 1854இல் மணந்தார். அத்திருமண உறவின் வழியாக அவருடைய பெயர் தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் கவனத்துக்குச் சென்றது. 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக அவர் அனுப்பப்பட்டார்.

கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். வணிகர்களோ கண்ட மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தனர். எத்தனை மரங்கள் உள்ளன, ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் என்று ஒருவரும் கணக்கிட்டிருக்கவில்லை. பிராண்டிஸ் யானைமீது அமர்ந்து காட்டினூடே சென்றார். கையில் மூங்கில் துண்டுகளை வைத்துக்கொண்டு, கண்ணில் படும் ஒவ்வொரு தேக்கு மரத்துக்கும் அதன் சுற்றளவுக்குரிய துண்டில் ஒரு வெட்டுக்குறி இட்டார். இவ்வாறு மரங்களை நான்கு வகுப்புகளாகப் பிரித்தார். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாக வளர 24 ஆண்டுகள் ஆகும் எனக் கணித்து, முதல் வகுப்பு மரங்களில் 24இல் ஒரு பங்கை மட்டுமே ஓர் ஆண்டில் வெட்டலாம் என வரையறுத்தார். மர வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். எனினும், காட்டின் முதலைத் தொடாமல் அதன் வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும் இம்முறையே இந்திய வனவியலின் அடித்தளமாயிற்று.

பர்மாவின் மலைகளில் கரேன் மக்கள் காட்டின் ஒரு பகுதியை வெட்டி, உலர்த்தி, கோடையில் எரித்து, அச்சாம்பலில் நெல் விதைத்து வந்தனர். ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் அந்நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வர். இது டாங்யா எனப்பட்டது. நம் சங்க இலக்கியக் குறிஞ்சி மக்களின் தினைப்புனமும் காட்டை எரித்து உருவாக்கிய விளைநிலமே ஆகும். ஐரோப்பிய அதிகாரிகள் பலர் இதனைக் காட்டை அழிக்கும் செயலாக மட்டுமே கண்டனர். பிராண்டிஸ் ஒருபடி மேலே சென்று சிந்தித்தார். எரித்த நிலத்தில் பயிரோடு தேக்கையும் நடும்படி அம்மக்களை ஊக்குவித்தார். அவர்கள் அகன்றபின் அங்குத் தேக்கந்தோப்பு எழுந்தது. தீயைப் பயன்படுத்தி மரம் வளர்க்கும் இம்முறை பின்னர் வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்குப் பரவியது.

ஆனால், புனத்துக்கு வெளியே பரவும் தீயை அவர் பகையாகவே கருதினார். 1864இல் இந்திய அரசின் முதல் வனத் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றபோது, ஆண்டுதோறும் கோடையில் நாட்டின் இலையுதிர் காடுகள் எரிவதைக் கண்டார். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டி ஆயர்களும், வழி தெளிய வேட்டையாடுவோரும், எளிதில் பொறுக்கும்படி நிலம் வெளிக்க இலுப்பைப்பூச் சேகரிப்போரும் தீ வைத்தனர். இத்தீயை அடக்கவே முடியாது என்று அதிகாரிகள் பலர் எண்ணினர். பிராண்டிஸ் அதனை ஏற்கவில்லை. மத்திய மாகாணத்தில் சாத்பூரா மலையிலுள்ள போரிக் காட்டில் கர்னல் பியர்சன் அதனை முயன்று பார்த்தார். காட்டைச் சுற்றி அகன்ற கோடுகள் வெட்டி, கோடை முற்றுமுன் அக்கோடுகளில் இருந்த புல்லை எரித்துவிட்டு, காவலர்களை நிறுத்தினார். காடு எரியாமல் தப்பியது. தீயைத் தடுக்கக் கையாண்ட கருவியும் தீயே என்பது இங்குக் கருதத்தக்கது. போரியின் வெற்றி பிற மாகாணங்களுக்கும் வழிகாட்டியது.

1878ஆம் ஆண்டு வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மக்களின் மரபுரிமைகள் பல ஒரே நாளில் குற்றங்களாயின. பிராண்டிஸ் தம் காலத்து அதிகாரிகள் சிலரைப்போலக் காடு முழுவதும் அரசுக்கே உரியது என்று வாதிட்டவர் அல்லர். ஊர்க்காடுகளை ஊராரே பேண வேண்டும் என்று வற்புறுத்தினார். அக்கருத்து சட்டத்தில் இடம்பெற்றும் நடைமுறையில் வேர்பிடிக்கவில்லை. இதன் கசப்பு நெடுங்காலம் நீடித்தது. 1921இல் குமாவூன் மலைகளில் வனக் கட்டுப்பாடுகளை எதிர்த்த மக்கள் அரசின் பைன் காடுகளுக்குத் தீ வைத்தனர்.

காட்டைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது, கற்றவர்கள் வேண்டும் என்பதில் பிராண்டிஸ் உறுதியாக இருந்தார். இளைஞர்களைப் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிப் பயிற்றுவித்தார். 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்ற வழிவகுத்தார். பணியின் இறுதி ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்கு வந்து அதன் வன நிருவாகத்தைச் சீரமைக்க ஆலோசனை வழங்கினார். 1883இல் ஓய்வுபெற்றுப் பான் நகருக்குத் திரும்பிய பின்னரும் கற்பிப்பதை அவர் நிறுத்தவில்லை. அவரை நாடி வந்த அமெரிக்க இளைஞர் கிஃபோர்டு பின்சோ, பின்னாளில் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். காட்டுத்தீயை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்ற கொள்கை அந்நாட்டிலும் வலுப்பெற்றது.

இதற்கிடையே இந்தியக் காடுகளில் எதிர்பாராத மாற்றம் தெரிந்தது. தீயிலிருந்து பல ஆண்டுகள் காக்கப்பட்ட பர்மாவின் ஈரமான காடுகளில் தேக்கங்கன்றுகள் அருகின. தேக்கு ஒளியை விரும்பும் மரம். அதன் கொட்டையின் ஓடு கடினமானது. தீயில் கருகிய கன்று வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். தீ நின்றதும், வெப்பத்தைத் தாங்காத பசுமைமாறாப் புதர்களும் மூங்கிலும் அடர்ந்து நிழலிட்டன. வங்காளத்தின் துவார்ஸ் பகுதியில் சாலமரங்களுக்கும் இதே நிலை நேர்ந்தது. மேலும், எரியாது தங்கிய சருகு குவிந்த இடத்தில் என்றேனும் தீப்பிடித்தால் அது முன்னினும் கொடியதாக இருந்தது. வனத்துறையினர் நடத்திய இந்தியன் ஃபாரஸ்டர் இதழில், பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று ஸ்லேடு என்னும் வன அதிகாரி 1896இல் எழுதினார். கடும் விவாதம் எழுந்தது. கரேன் மக்களின் புனத்தில் தீயின் பயனை நேரில் கண்டறிந்த பிராண்டிஸ், அந்த அறிவைக் காடு முழுமைக்கும் விரித்துப் பார்க்காமற்போனது வியப்பே. ஆயினும், மரத்தை எண்ணு, கன்றை எண்ணு, பிறகு முடிவு செய் என்று அவர் பழக்கிய முறையே அவருடைய கொள்கையின் குறையையும் வெளிப்படுத்தியது எனலாம்.

தம் இறுதி ஆண்டுகளில் பிராண்டிஸ் இந்திய மரங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதி, 1906இல் வெளியிட்டார். மறு ஆண்டு மே மாதம் பான் நகரில் காலமானார். அக்காலத்தையொட்டியே பர்மாவின் ஈரமான தேக்குக் காடுகளில் தீத்தடுப்பைக் கைவிடும் நிலைக்கு அரசு வந்தது. பின்னர்ச் சாலமரக் காடுகளிலும் கட்டுப்படுத்திய எரிப்பு இடம்பெற்றது.

இன்று மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் மேல்நிலைப் படிப்பு முடித்தவர்கள் வனவியல் பட்டப்படிப்பில் சேரலாம். எந்தக் காட்டில் தீயை அறவே தடுப்பது, எந்தக் காட்டில் எப்பருவத்தில் அளவோடு எரிப்பது என்பது உலகெங்கும் வனவியல் மாணவர்கள் ஆராயும் பொருளாகியுள்ளது. சோலைக்காட்டுக்குப் பொருந்தும் விடை முதுமலையின் இலையுதிர் காட்டுக்குப் பொருந்துவதில்லை. அம்முதுமலையில் கோடை முற்றுமுன் வனப் பணியாளர்கள் சாலையோரப் புல்லை எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். போரிக் காட்டில் பியர்சன் கையாண்டதும் அம்முறைதான்.