மறைமலையடிகளும் ஓசை அளவும்

தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள மறைமலை நகர் எவர் பெயரைத் தாங்கியுள்ளதோ அவர், 1876 ஜூலை 15 அன்று நாகப்பட்டினத்தில் பிறந்தார். பிள்ளைப் பெயர் வேதாசலம். வெ. நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்று, 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அக்கல்லூரி அன்று தாம்பரத்திற்கு வந்திருக்கவில்லை. 1911இல் பணி நீங்கிப் பல்லாவரத்தில் வாழ்ந்தார், துறவாடையும் பூண்டார்.

1916ஆம் ஆண்டு நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. மகள் நீலாம்பிகையுடன் திருவருட்பாப் பாடலொன்றை ஓதியவர், அதிலுள்ள தேகம் என்னும் வடசொல்லின் இடத்தில் யாக்கை நின்றிருப்பின் ஓசையின்பம் மிகும் எனக் கருதினார். தனித்தமிழின் தோற்றத்தை இந்நிகழ்ச்சியில் காண்போர் வடசொல் நீக்கத்தையே பேசுவர். ஓசை பற்றிய தீர்ப்பு அளக்கப்படாமலே நின்றுவிடுகிறது.

தேகத்தை, யாக்கையை என உருபேற்ற வடிவங்களைக் கொள்வோம். ஐகாரக்குறுக்கத்திற்கு ஒரு மாத்திரை எனின் இரண்டும் நாலரை மாத்திரையே. (காரிகை நெறியில் பின்னதைக் கூவிளமாக அலகிடவும் இடமுண்டு, அது வேறு செய்தி.) எனவே ஓசை மிகுதி கால நீட்டத்தில் இல்லை. தேகத்தில் நெடிலை அடுத்த ககரம் நெகிழ்ந்து ஒலிக்கிறது. யாக்கையில் வல்லொற்று அந்நெடிலைத் தாங்கி நிறுத்துகிறது. அடிகளின் செவி உணர்ந்தது இந்நிறுத்தமாகவே இருத்தல் கூடும்.

இத்தகைய நிறுத்தத்தை ஜப்பானிய மொழி முழு அளவாக எண்ணுகிறது. நிப்பொன் என்னும் நாட்டுப்பெயர் அங்கு நான்கு அளவு பெறும்: நி, பகர ஒற்று, பொ, னகர ஒற்று. ஐந்து, ஏழு, ஐந்து என நடக்கும் ஹைக்கூவிலும் ஒற்று தனக்குரிய இடத்தைப் பெற்றுவிடும். தமிழ்க் கணக்கில் அச்சொல் மூன்று மாத்திரை, அலகிட்டால் தேமா. மெய்க்கு அரை மாத்திரை தந்த இலக்கணம், அசை பிரிக்கும்போது அதனைத் தனித்து எண்ணுவதில்லை. ஆதலின் ஒற்றின் நிறுத்தம் தரும் இன்பம் அலகிடுதலில் புலப்படாது. ஓதுவோர் செவிக்கே புலப்படும்.

பின்னர் வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. நீலாம்பிகை வடசொற்றமிழ் அகரவரிசையைத் தொகுத்தார். அகராதிக்குப் பொருளொப்புமையே அளவுகோல். தேகத்திற்கு உடல், மெய், உடம்பு எதுவும் ஈடாகும். ஆனால் 1916இல் பல்லாவரத்து அறிஞர் தேர்ந்தது அவற்றுள் எதையும் அன்று, யாக்கையை. இயக்கம் வளர்ந்தபோது பொருளளவு நிலைத்தது, ஓசையளவு பின்தங்கியது.

1950 செப்டம்பர் 15 அன்று அடிகள் மறைந்தார். அவர் சேர்த்த நூல்கள் 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையமாயின.