மாகஸ்தோட்டை மேட்டில் பேக்கர் துரை

சித்திரை பிறந்ததும் நூரளைக்கு ஒரு புதுக்கோலம் வந்துவிடுகிறது. விக்டோரியா பூங்காவிலே மலர்க் கண்காட்சி, திடலிலே குதிரைப் பந்தயம், மாகஸ்தோட்டைத் தேயிலை மலையில் வளைந்தேறும் சாலையிலே மோட்டார்ப் பந்தயம் என்று ஊர் திமிலோகப்படும். இவற்றுள் கடைசியாகச் சொன்ன மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஆசியாவின் பழைய மோட்டார்ப் பந்தயங்களுள் அதுவும் ஒன்று.

வட்டமிட்டு ஓடும் பந்தயம் போன்றதன்று இது. ஒரு வண்டிக்குப் பின் ஒரு வண்டியாகத் தனித்தனியே மேட்டின் அடியிலிருந்து புறப்படும். எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான், கடிகாரமே எதிரி. நொடியின் நூறில் ஒரு பங்கு வெற்றி தோல்வியை முடிவு செய்துவிடும். சிறு பிராயத்தில் நானும் தேயிலைச் செடிகளுக்கிடையே உயர்ந்த மண்கரையில் நின்று இதனைப் பார்த்திருக்கிறேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்களும், லயத்துப் பிள்ளைகளும், பென்சன் வாங்கிய கிழவர்களும் என் அருகில் நின்றார்கள். வண்டியின் உறுமல் முதலில் கேட்கும். பின்னர் புழுதி தெரியும். வண்டியோ கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும்.

அந்த மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவருடைய நினைவு வரும். அவர் சாமுவேல் வைட் பேக்கர். ஓட்டன் சமவெளியிலே அவர் பெயரால் ஒரு நீர்வீழ்ச்சி உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மாகஸ்தோட்டை அவர்கள் குடும்பத்தின் பண்ணையாக இருந்தது என்பதையும், இம்மலைகளில் விரைவு என்னும் வேட்கைக்கு வித்திட்டவர்களுள் அக்குடும்பத்தாரும் உண்டு என்பதையும் அறிந்தவர் சிலரே.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் பெருஞ்செல்வர், கப்பல்களும் கடல் கடந்த கரும்புத் தோட்டங்களும் உடையவர். மைந்தருக்கோ கணக்குப் புத்தகத்தில் மனம் ஒன்றவில்லை. 1843இல் ஹென்ரியெட்டா என்னும் நங்கையை மணந்தார். அவருடைய தம்பி ஜான் அந்த நங்கையின் தங்கையை மணந்தார். பின்னர் மொரீசியசிலே தந்தையின் தோட்டத்தைச் சிலகாலம் மேற்பார்த்தார். அங்கும் கால் தரிக்கவில்லை. யானை வேட்டையின் ஆசை அவரை இலங்கைக்கு இழுத்து வந்தது.

ஏறத்தாழ ஓராண்டு காலம் கீழ்நாட்டுக் காடுகளிலே துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தார். அதன் பயனாகக் காட்டுக் காய்ச்சல் அவரைப் பற்றியது. உயிர் பிழைப்பதே அரிது என்ற நிலையில் அவரை மலைக்கு அனுப்பினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து கிடக்கும் நூரளையின் குளிர்காற்று இரண்டு வாரத்திலேயே அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டது. அப்போது அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் விழுந்தது. இங்கிலாந்தைப் போன்ற குளிர் இங்கு இருக்கையில், இங்கிலாந்தையே இங்கு உண்டாக்கினால் என்ன?

அவர் எண்ணிவிட்டால் இருந்துவிடுபவரல்லர். தாயகம் திரும்பி ஆட்களைச் சேர்த்தார். ஏக்கர் ஒன்று ஒரு பவுண் வீதம் அரசாங்கத்திடம் நிலம் வாங்கினார். 1848இல் குடியேற்றக்காரரை ஏற்றிக்கொண்டு ஏர்ல் ஆஃப் ஹார்ட்விக் என்ற கப்பல் புறப்பட்டது. பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குதிரைக்காரன், உயர்ந்த சாதிப் பசு, காளை, செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள், ஏர்கள், வண்டிகள் என்று ஒரு சிற்றூரே கடல் தாண்டி வந்தது. அப்போது பேக்கருக்கு வயது இருபத்தேழு.

கடல் அவர்களை வருத்தவில்லை, மலைப்பாதைதான் வருத்தியது. றம்பொடைக் கணவாயின் செங்குத்தான வளைவுகளை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த பசு மலையுச்சியைக் காணாமலே மாண்டது. அதனினும் பெரிய கதை குதிரைக்காரனுடையது. அவன் பெயர் பெர்க்ஸ். குடிவெறியோடு, ஒரு வளைவிலே குதிரைகளை நாலுகாற் பாய்ச்சலில் விரட்டினான். வண்டியும் இரு குதிரைகளும் எண்பது அடிப் பள்ளத்தில் உருண்டன. அவன் மட்டும் எப்படியோ மேலே தப்பி நின்றான். குதிரைகளுள் ஒன்றைக் கொன்று துன்பந் தீர்க்க வேண்டியதாயிற்று; மற்றது சில நாளில் இறந்தது. இம்மலைகளின் சாலை வரலாற்றில் விரைவுக்குப் பலியான முதல் உயிர்கள் இவைதாமோ என்று நான் எண்ணுவதுண்டு.

பெர்க்ஸ் திருந்தினானா என்றால் அதுவும் இல்லை. பிறகொரு நாள் சுமை இழுக்க அனுப்பிய யானையை அவன் குதிரையாகவே கருதிவிட்டான். மதுவை ஊட்டி, அங்குசத்தால் குத்தி, கணவாய் மேட்டிலே ஓட்டினான். பணிவும் அறிவும் நிறைந்த அந்த விலங்கு அந்த ஓட்டத்தின் களைப்பிலிருந்து மீளவேயில்லை.

வண்டி கவிழ்ந்த செய்தியைப் பெர்க்ஸ் தன் கொச்சை மொழியிலே எசமானுக்குக் கடிதமாக எழுதியிருந்தான். அதைப் பேக்கர் பின்னர்த் தம் நூலிலே பதிப்பித்தார். படிப்போர் சிரிக்காமல் இருக்க முடியாது. நானும் முதன்முறை சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு செய்தி என்னைத் தடுத்து நிறுத்தியது. அருகிலிருந்த துரை ஒருவர் வண்டியைத் தூக்கத் தம் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொடுத்துதவினாராம். அவர்கள் எதற்கும் பயன்படாதவர்கள் என்று குடித்துக் கவிழ்த்தவன் இழிசொல்லால் ஏசுகிறான்.

யார் அந்த நூறு பேர்? 1848இல் அப்பகுதி காப்பித் தோட்டங்களின் உலகம். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே பசியும் பேதியும் துரத்த நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரே அத்தோட்டங்களின் கைகளாக இருந்தார்கள். பள்ளத்தில் இறங்கி அந்த வண்டிக்குத் தோள் கொடுத்தவர்களும் அவர்களாகவே இருந்திருக்க வேண்டும். குதிரை ஓட்டியவனின் பெயர் நிலைத்துவிட்டது. தோள் கொடுத்தவருள் ஒருவர் பெயரும் ஏட்டில் ஏறவில்லை.

அந்தப் பாதைக்கும் இத்தகைய வரலாறே உண்டு. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் மலைநாட்டுச் சாலைகள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் வெட்டப்பட்டன. சிங்களக் குடியானவர்கள் வயலை விட்டுவந்து கல்லுடைத்தார்கள். 1832இல் அந்த ஊழியம் ஒழிக்கப்பட்டது. பின்னர் வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள் அவ்வேலையில் சேர்ந்தன. இரு இனத்து ஏழைகளின் வியர்வையும் இச்சாலைகளின் அடிக்கல்லிலே கலந்திருக்கிறது.

பேக்கரின் கதைக்குத் திரும்புவோம். பண்ணையின் தொடக்கம் பெருந்தோல்வி. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் கதிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்தன. ஆடுமாடுகள் நோயால் மடிந்தன. வேறொருவராயின் மூட்டை கட்டியிருப்பார். பேக்கர் விடவில்லை. மண்ணுக்கு உரமிட்டார், வேலி வளைத்தார், மீண்டும் விதைத்தார். மெல்ல மெல்ல மலைமண் இணங்கியது. இன்று நாடெங்கும் செல்லும் நூரளைக் காய்கறியின் வரலாற்றில் அந்தப் பிடிவாதத்துக்கும் ஓரிடம் உண்டு. 1849இல் அவர் தொடங்கிய சிறு மதுவடிசாலையே இலங்கையின் பியர்த் தொழிலுக்கு முன்னோடி என்பர். தம்பி ஜானோ மாகஸ்தோட்டையிலே, இங்கிலாந்திலிருந்து வருவித்த குதிரைகளைப் பழக்க ஓடுதடம் அமைத்தார். அந்த ஆர்வம் வளர்ந்தே 1875இல் நூரளைக் குதிரைப் பந்தயமாக மலர்ந்தது.

பண்ணை ஒருபுறமிருக்க, வேட்டை அவருடைய உயிராயிருந்தது. நாய்க்கூட்டத்தோடு சமவெளிகளில் மரையைத் துரத்தி, கத்தி ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு அதனை எதிர்கொள்வார். யானைகளை அவர் சுட்ட கணக்கைப் படித்தால் இன்றைய உள்ளம் கூசும். அஞ்சாமையும் அருளின்மையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடும் என்பதற்கு அவர் சான்று.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. உடல் தளர்ந்தது. 1855இல் குடும்பத்தோடு நூரளையை விட்டு நீங்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரான்சு நாட்டில் ஹென்ரியெட்டா காய்ச்சலால் காலமானார். நான்கு பெண்மக்களைத் தங்கையிடம் ஒப்புவித்துவிட்டு, முப்பத்து நான்கு வயதில் அவர் மீண்டும் நாடோடியானார்.

அதன் பின்னர்தான் உலகம் அறிந்த பேக்கர் தோன்றுகிறார். 1859இல், துருக்கியர் ஆட்சியிலிருந்த விடின் நகரத்திலே, அடிமையாக ஏலத்துக்கு நிறுத்தப்பட்ட புளோரன்ஸ் என்ற இளம்பெண்ணை மீட்டார். அந்தப் பெண்ணே அவருக்கு வாழ்க்கைத் துணையானார். இருவரும் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் சாவின் வாயிலைத் தொட்டு மீண்டு, 1864 மார்ச் 14ஆம் நாள் ஒரு பெரிய ஏரியைக் கண்டு, அதற்கு ஆல்பர்ட் என்று பெயரிட்டார்கள். 1866இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1869இல் எகிப்திய மன்னர் இஸ்மாயில் மேல்நைல் நாட்டின் ஆளுநர் பொறுப்பை அவருக்கு அளித்தார். அடிமை வாணிகத்தை ஒடுக்குவது அவருக்கிட்ட பெரும்பணி. நான்காண்டுகள் படையோடு போராடினார். வாணிகம் முற்றும் ஒழியவில்லை. ஆயினும் அதற்கு எதிராக வாளேந்தியவர் என்ற புகழ் அவருக்கு நிலைத்தது. 1893 டிசம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தில் தம் இல்லத்தில் காலமானார்.

இவ்வாழ்க்கையை எண்ணும்போது என் மனம் இரு திசைகளில் செல்கிறது. நைற்கரையிலே மனிதரை மனிதர் விற்கும் கொடுமையைக் கண்டு கொதித்த நெஞ்சு அது. அந்த நெஞ்சே றம்பொடைப் பள்ளத்தில் நின்ற நூறு பேரை நகைச்சுவைக் கதையின் பின்னணியாக மட்டும் கண்டது. தம் காலத்தின் கண்ணால் பார்த்தார் என்று சமாதானம் கூறலாம். அவரை இகழ்வதற்காக நான் இதனை எழுதவில்லை. பெரியோர் ஒருவருடைய ஒளியில் எது தெரிந்தது, எது இருளில் நின்றது என்று பார்ப்பதும் வரலாறு கற்பதன் ஒரு பகுதி.

அந்தப் பழக்கம் பேக்கரோடு முடிந்துவிட்டதா? ஓடுகிறவனைப் பார்க்கும் கண் கரையில் நிற்பவரைப் பார்ப்பதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள், மலைத்தொடரின் மறுபுறத்தில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில், தடம் விலகிய கார் ஒன்று பார்வையாளர் நடுவே பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அச்செய்தியைப் படித்த அன்று, மாகஸ்தோட்டை மண்கரையில் என்னோடு நின்ற லயத்துப் பிள்ளைகளின் முகங்களே என் கண்முன் வந்தன. எங்களுக்கும் சாலைக்கும் இடையே அன்று ஒரு கயிறு இருந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

பந்தயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்து அலுத்த மலைமக்களுக்கு அது ஒரு திருநாள். வளைவிலே கைதவறாமல் வண்டியைத் திருப்பும் இளைஞனின் திறமையும் ஒரு கலையே. ஆனால், அடுத்த பந்தய வாரம் வரும்போது மாகஸ்தோட்டைக்குச் செல்லும் ஆசிரியர்கள் தம் மாணாக்கரைக் கரையிலிருந்து பின்னே தள்ளி, உயரத்தில் நிற்கச் செய்யட்டும். வண்டிகள் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் பேக்கர் துரையின் கதையைச் சொல்லட்டும். பெர்க்ஸின் வண்டி கவிழ்ந்த இடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, அதைத் தூக்கியவர்கள் யார் என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.