கே.எஸ். கிருஷ்ணன்: ஒளியும் படிகமும்

விஞ்ஞானி யாரைப் பற்றியாவது எழுதிக் கொடுங்கள் சார், ஆனால் ஐன்ஸ்டீன், ராமன், கலாம் மூவரும் முன்பே வந்துவிட்டார்கள் என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று. நான் எழுத நினைத்தவர் ராமனுக்குப் பக்கத்தில் நின்றவர். அதனாலேயே பலர் கண்ணில் படாமல் போனவர். கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே.எஸ்.கே.

எனக்கும் அவருக்கும் நேர்த் தொடர்பு எதுவும் கிடையாது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தொடுவதற்குள் அவர் காலமாகிவிட்டார். ஆனால் நம் கல்லூரியை விட்டுப் போனபின் 31 வருஷம் நான் செய்த வேலை இரண்டுதான்: படிகம் வளர்ப்பது, வளர்ந்த படிகத்தின்மேல் லேசரைப் பாய்ச்சி அதன் ராமன் நிறமாலையை எடுப்பது. இரண்டு பாதையிலும் கொஞ்சம் பின்னோக்கி நடந்தால் இந்த மனுஷர் நிற்கிறார்.

பிறந்தது 1898 டிசம்பர் 4. ஊர் வத்திராயிருப்பு, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். அப்பா விவசாயம் பார்த்தவர், தமிழும் சமஸ்கிருதமும் நன்றாகக் கற்றவர். பள்ளிப் படிப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன்பின் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. (கிறிஸ்தவக் கல்லூரி என்றதும் தாம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது தாம்பரத்துக்குப் போனது 1937இல். இவர் படித்தபோது ஜார்ஜ் டவுனில் இருந்தது.)

பட்டம் வாங்கியது பௌதிகத்தில். அங்கேயே கிடைத்த வேலையோ ரசாயனத் துறையில் டிமான்ஸ்ட்ரேட்டர். இன்றைக்கு இதைச் சொன்னால் யூ.ஜி.சி. விதி என்ன சொல்கிறது என்று கேட்பார்கள்! மதிய இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பௌதிகம், ரசாயனம், கணக்கு எதில் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பேசுவாராம். பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்கூட வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அட்டெண்டன்ஸ் கிடையாது, மார்க் கிடையாது, ஆனாலும் கூட்டம்.

அங்கிருந்து கல்கத்தா. 1923இல் பவ்பஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், ராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். ராமனும் அவருடைய மாணவர்களும் அப்போது ஒரே ஒரு கேள்வியைத் துருவிக்கொண்டிருந்தார்கள்: திரவத்துக்குள் போகும் ஒளி எப்படிச் சிதறுகிறது? கிருஷ்ணன் 65 திரவங்களைத் தூசு தும்பு இல்லாமல் சுத்தப்படுத்தி ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு அது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று தெரியும். ஒரு தூசி இருந்தால் போதும், அது சிதறடிக்கும் ஒளியில் உங்கள் மூலக்கூறு காணாமல் போய்விடும். சில திரவங்களில் நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்று கூடவே வந்தது. முதலில் கே.ஆர். ராமநாதன் பார்த்தார், பிறகு கிருஷ்ணனும் பார்த்தார். திரவத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். எத்தனை முறை வடித்தாலும் அது போகவில்லை.

1928 பிப்ரவரி. சில காலமாகக் கோட்பாட்டு வேலையிலேயே மூழ்கிக் கிடந்த கிருஷ்ணனை ராமன் மறுபடி சோதனைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியே திரவத்துக்குள் செலுத்தி, ஊதாவை மறிக்கும் வேறொரு வடிகட்டி வழியே பார்ப்பது. சிதறிய ஒளி நிறம் மாறாமல் இருந்தால் எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தது! அதுவும் நன்றாகத் தளமுனைவு அடைந்த ஒளி. அழுக்கின் ஒளிர்வு என்றால் அப்படி இருக்காது. சுமார் அறுபது திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. அந்த நாட்களில் கிருஷ்ணன் ஒரு டைரி எழுதி வந்தார், பிற்காலத்தில் அச்சிலும் வந்தது. யார் எப்போது எந்தக் குழாயைப் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த டைரியால்தான்.

நேச்சர் இதழுக்கு பிப்ரவரி 16ஆம் தேதியிட்டு அனுப்பிய முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 28ஆம் தேதி நிறமாலைமானி வழியே புதிய கோடுகளைப் பார்த்தார்கள். அந்த நாளைத்தான் நாம் தேசிய அறிவியல் தினம் என்று 1987 முதல் கொண்டாடுகிறோம். அடுத்து மார்ச் 16இல் ராமன் பெங்களூரில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவு அவர் பெயரில் மட்டும். நேச்சரின் இரண்டாவது குறிப்பும் அப்படியே. மூன்றாவதில் மறுபடி இருவரும். 1930இல் நோபல் பரிசு வந்தது, ராமனுக்கு மட்டும்.

இதைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், 1921இல் கப்பலில் வந்தபோது கடலின் நீலத்தைப் பார்த்துத் தொடங்கிய தேடல் ராமனுடையது, ஏழு வருஷம் விடாப்பிடியாக அதை நடத்தியவரும் அவரே. ஆனால் அந்தக் கடைசி வாரங்களில் இருட்டறையில் உட்கார்ந்திருந்த கண்ணும் கையும் பெரிதும் கிருஷ்ணனுடையவை. கைடு பெரியவரா, ஸ்டூடண்ட் பெரியவரா என்று பிஎச்.டி. செய்யும் தம்பி தங்கைகள் கேன்டீனில் புலம்புவதெல்லாம் புதிதல்ல. கிருஷ்ணன் இந்த விஷயத்தில் பொதுவெளியில் உரிமை கோரவே இல்லை. ராமனை குரு என்றே கடைசிவரை மதித்தார். பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால் அது மட்டுமில்லை, மனுஷருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

1928 டிசம்பரிலேயே அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர். சத்யேந்திரநாத் போஸ் இருந்த துறை. அங்கே ஒளியை விட்டுக் காந்தத்துக்கு வந்தார். படிகம் ஒவ்வொரு திசையிலும் காந்தத்துக்கு வெவ்வேறு அளவில் அசைந்துகொடுக்கும். அந்த வித்தியாசத்தை எப்படி அளப்பது? அவரும் பானர்ஜியும் செய்ததைச் சொல்கிறேன், எவ்வளவு எளிமை பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, சீரான காந்தப் புலத்தில் தொங்கவிடுவது. படிகம் தனக்குப் பிடித்த திசையில் நின்றுகொள்ளும். இப்போது இழையின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே போக வேண்டும். படிகம் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். சுமார் 45 டிகிரி வந்ததும் பிடி விட்டுப்போய்ச் சட்டென்று சுழன்றுவிடும். அதற்குள் மேல்முனையை எத்தனை சுற்று திருகினோம் என்ற கணக்கிலிருந்து படிகத்தின் காந்த வித்தியாசம் வந்துவிடும். அவ்வளவுதான்.

இதனால் என்ன லாபம்? பென்சீன் வளையம் போன்ற தட்டையான மூலக்கூறுகளில், வளையத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை எதிர்க்கும் குணம் மிக அதிகம். ஆகவே படிகத்தை அளந்தால் உள்ளே வளையங்கள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எக்ஸ்-ரே படத்திலிருந்து அணு அமைப்பைக் கையாலேயே கணக்குப் போட்டு எடுத்த காலம் அது. லண்டனில் அந்த வேலையில் பேர் வாங்கிய கேத்லீன் லான்ஸ்டேலுக்கு இந்த முறை பெரிதும் உதவியது. 1936இல் இருவரும் சேர்ந்து ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார்கள்.

1933இல் கல்கத்தா கழகத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1940இல் எஃப்.ஆர்.எஸ். அந்த ஆண்டுகளில் கங்குலியுடன் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிராஃபைட், நம் பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிதான். தாள் தாளாக அடுக்கிய அந்தக் கரியில், தாளுக்குள் எலெக்ட்ரான்கள் கட்டவிழ்த்து விட்டதுபோல ஓடுகின்றன, தாள் விட்டுத் தாள் தாண்டுவது கடினம் என்பதைக் காந்த அளவுகளிலிருந்தே காட்டினார்கள். அதிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்தவர்களுக்கு 2010இல் நோபல் கிடைத்தது, கிராஃபீன் என்று.

1942இல் அலகாபாத் பேராசிரியர். அங்கே பாட்டியா என்ற மாணவருடன், உருகிய உலோகத்தில் மின்தடை ஏன் வருகிறது என்பதை, திரவத்தில் ஒளியும் எக்ஸ்-ரேயும் சிதறுவதைப் போலவே எலெக்ட்ரான் அலையும் சிதறுவதாக வைத்து விளக்கினார். கல்கத்தாவில் கற்றது வீண்போகவில்லை பாருங்கள்! இதே வழியில் 1961இல் ஜைமன் எழுதிய கோட்பாடுதான் பாடப்புத்தகங்களில் நிலைத்தது.

1946இல் சர் பட்டம். 1947இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அணுசக்தி கமிஷனில் பாபா, பட்நாகருடன் மூன்றாவது உறுப்பினர். 1954இல் பத்மபூஷண். பட்நாகர் பரிசு தொடங்கியபோது முதலில் வாங்கியவரும் இவரே. பதவிகளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஆசையில்லை. ஃபைல் மலைக்கு நடுவிலும் லேபை விடவில்லை என்பதுதான் விஷயம். கிராஃபைட் கூட்டைச் சூடேற்றி, இட்லிக் கொப்பரை மூடியின் ஓட்டை வழியே ஆவி வருகிற மாதிரி, சிறு துவாரம் வழியே வெளிவரும் எலெக்ட்ரான்களை அளந்தார். ஜெயின் என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1950களில் வரிசையாக வந்தன. பிரதமர் நேருவைச் சந்திக்கும்போதெல்லாம் தென்னாட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுவாராம், நேருவே அதை ரசித்துச் சொல்லியிருக்கிறார். வத்திராயிருப்பு அவரை விட்டுப் போகவேயில்லை.

1960 மே மாதம் அமெரிக்காவில் மெய்மன் முதல் லேசரை எரியவைத்தார். அதுவரை ராமன் கோடுகளைப் படம் பிடிக்கப் பாதரச விளக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோடியில் ஒன்று என்ற மாதிரிக் கணக்கில்தானே அந்த ஒளி வருகிறது! 1962இல் லேசரை வைத்து ராமன் நிறமாலை எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணன் 1961 ஜூன் 14இல் காலமாகிவிட்டார், வயது 62. ஒரே ஒரு வருஷம் என்று நான் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டதுண்டு. இன்று கிராஃபீன் எத்தனை தாள் தடிமன் என்று பார்க்க லேபில் முதலில் செய்வது லேசர் ராமன் சோதனை. அவருடைய கரியும் அவருடைய ஒளியும் ஒரே மேஜையில் சந்திக்கின்றன.

இப்போது படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று. அணுசக்தித் துறை அவர் பெயரில் ஆராய்ச்சி உதவித்தொகை ஏற்படுத்தியிருக்கிறது, பிஎச்.டி. முடிப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள். இன்னொன்று, குயின்கே சோதனைக்கு வைத்திருக்கும் மின்காந்தம் நம் லேபில் இருக்கிறது. கிருஷ்ணனும் முகர்ஜியும் மயில்துத்தப் படிகத்தைத்தான் 1936இல் அளந்தார்கள், அதை ஹாஸ்டல் அறையில்கூட வளர்க்கலாம். குவார்ட்ஸ் இழை இழுப்பது மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். துறைத் தலைவர் சம்மதித்து இரண்டு பேர் முன்வந்தால், அடுத்த டிசம்பர் விடுமுறையில் நானே வந்து கூட நிற்கிறேன். படிகம் சட்டென்று சுழல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.