ஒலியை வரைந்த டாஃப்னி ஓரம் அம்மையார்

இசை பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்நாளில் ஒரு வழக்கு அடிக்கடி எழுகிறது. கீபோர்டு போன்ற ஒரு கருவியை வாங்குவதா, அல்லது கணிப்பொறியில் ஒரு மென்பொருளை ஏற்றிக்கொண்டு அதிலேயே இசை அமைப்பதா? பெற்றோர் செலவைப் பார்க்கின்றனர். பிள்ளைகள் புதுமையைப் பார்க்கின்றனர். இந்த இரண்டு வழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பார்த்த பெண்மணி ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே டாஃப்னி ஓரம் அம்மையார்.

இவர் 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், வில்ட்ஷயர் மாவட்டத்து டிவைசஸ் என்னும் ஊரில் பிறந்தார். ஷெர்போர்ன் பெண்கள் பள்ளியில் படிக்கும்போதே பியானோ, ஆர்கன், இசையமைப்பு ஆகியவற்றைக் கற்றார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இலண்டன் ராயல் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இசை கற்கும் ஒரு பெண்ணுக்கு அது பெரும் பேறு. டாஃப்னியோ அதை வேண்டாமென்று விட்டு, 1943-இல், தம் 17-ஆம் வயதில், பி.பி.சி. வானொலியில் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தார்.

அது போர்க்காலம். ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கச்சேரி நடக்கும். அதே இசை பதிந்த இசைத்தட்டை மேடை வாசிப்போடு ஒத்துப்போகும்படி சுழலவிட்டு டாஃப்னி காத்திருப்பார். குண்டு வீச்சினால் கச்சேரி தடைப்பட்டால், கேட்பவர் அறியாதபடி ஒலிபரப்பை இசைத்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். எத்தனை கூர்மையான செவி இருந்திருக்க வேண்டும்!

அந்நாள்களில்தான் ஆசிலாஸ்கோப் என்னும் கருவியை அவர் கண்டார். ஒலியை அது வளைகோடாகத் திரையில் காட்டும். ஒலி கோடாக மாறுகிறதென்றால், நாம் வரையும் கோடு ஏன் ஒலியாக மாறக்கூடாது? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1940-களின் இறுதியில் 'ஸ்டில் பாயிண்ட்' என்ற பெரும் படைப்பை எழுதினார். இரண்டு இசைக்குழுக்கள், சுழலும் இசைத்தட்டுகள், மைக்குகள் ஆகிய எல்லாம் சேர்ந்து ஒலிக்கவேண்டிய இசை அது. பி.பி.சி. அதை ஏற்கவில்லை. தாள்கள் பெட்டிக்குள் போயின.

டாஃப்னி சோர்ந்துவிடவில்லை. மாலையில் எல்லாரும் வீடு சென்றபின், நிலையத்தின் பல அறைகளிலிருந்தும் டேப் ரிக்கார்டர்களை ஓரறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார். இரவெல்லாம் நாடாவை வெட்டி ஒட்டிச் சோதனை செய்வார். விடிவதற்குள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிடுவார். இந்த உழைப்பின் பயனாக 1957-இல் 'ஆம்ஃபிட்ரியன் 38' என்ற நாடகத்துக்கு முழுவதும் மின்னணு ஒலியாலேயே இசை அமைத்தார். பி.பி.சி. வரலாற்றில் அதுவே முதல் முறை. மறு ஆண்டில் டெஸ்மண்ட் பிரிஸ்கோவுடன் சேர்ந்து ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப் என்ற புகழ்பெற்ற ஒலிக்கூடத்தைத் தொடங்கினார். ஆனால் நிலையத்தார் விரும்பியவை நாடகங்களுக்கு வேண்டிய விந்தை ஒலிகளே; அம்மையார் விரும்பியது இசை. 1959-இல், 16 ஆண்டுப் பணியை உதறிவிட்டு வெளியேறினார்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். அதே 1957-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில், பெல் ஆய்வுக்கூடத்தில், மேக்ஸ் மேத்யூஸ் என்பவர் ஒரு கணிப்பொறியை 17 விநாடி இசையை உண்டாக்கச் செய்தார். ஆகவே இன்றைய இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே வயதினவே. ஆனால் அக்காலக் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். பெரும் நிறுவனங்களே அதை வைத்திருக்க முடியும். எண்களைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். கையால் வரைய விரும்பியவருக்கு அதில் என்ன இடம்? அம்மையார் கருவியின் வழியைத் தேர்ந்தார்.

கெண்ட் மாவட்டத்தில், ஹாப்ஸ் பூக்களை உலர்த்துவதற்காக முன்னாளில் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தையே வீடாகவும் கூடமாகவும் ஆக்கிக்கொண்டார். 1962-இலும் 1965-இலும் குல்பென்கியன் அறநிலையம் பண உதவி செய்தது. அங்கு உருவான கருவிக்கு 'ஓராமிக்ஸ்' என்று பெயர். 35 மி.மீ. திரைப்படச் சுருள்கள் பத்து, ஒன்றாக இணைந்து ஓடும். அவற்றின்மேல் மையால் புள்ளிகளும் கோடுகளும் வரைவார். கீழே உள்ள ஒளிமின் கலங்கள், மை மறைக்கும் ஒளியின் அளவைக் கண்டு ஒலியை ஆளும். சுருள்களில் சில சுரத்தின் உயரத்தைச் சொல்லும். சில ஒலியின் ஏற்ற இறக்கத்தை. ஒன்று அதன் நடுக்கத்தை. குரலின் தன்மையைக் கண்ணாடித் தகடுகளில் தனியே வரைவார். ஆர்கனில் கட்டையை அழுத்தினால் செய்தவன் வைத்த ஒலிதான் வரும். இதிலோ ஒவ்வொரு சுரமும் எப்படிப் பிறந்து எப்படி மறைய வேண்டும் என்பதை ஒரு கை வளைத்து எழுதலாம்.

குறையும் இல்லாமலில்லை. ஒரு நேரத்தில் ஒரே குரல்தான் எழும். பல குரல்களை நாடாவில் அடுக்க வேண்டும். உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதை நன்கு இயக்கத் தெரிந்தவரும் ஒருவர்தாம். அதை வளர்ப்பதற்கு ஆண்டுகள் கரைந்தன. வயிற்றுப் பாட்டிற்கு விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் ஒலி அமைத்துக் கொடுத்தார். 1972-இல் தம் எண்ணங்களை ஒரு நூலாகவும் எழுதினார்.

1980-களில் கணிப்பொறி மேசை அளவுக்குச் சுருங்கியது. அம்மையாருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஏகார்ன் நிறுவனத்தின் ஆர்க்கிமிடீஸ் கணிப்பொறியில் ஓராமிக்ஸ் முறையை மென்பொருளாக எழுத முற்பட்டார். தாம் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த கருவியை அவர் கைவிட்டார் என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தேடியது பெட்டியை அன்று, வரையும் கையின் உரிமையை. முன்பு அது கருவியில் கிடைத்தது. பின்னர் திரையிலும் கிடைக்குமென்று கண்டார். ஆயினும் போதிய பணம் கிட்டாமையால் அம்முயற்சி நிறைவு பெறவில்லை. 1990-களில் இருமுறை பக்கவாதம் தாக்கியது, வேலை நின்றது. 2003 ஜனவரி 5-ஆம் நாள், தம் 77-ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய நாடாக்களும் தாள்களும் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் காக்கப்படுகின்றன. 2011-இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் ஓராமிக்ஸ் கருவியை மக்கள் பார்வைக்கு வைத்தது. பழைமையால் நலிந்துவிட்ட அதை இயக்க முடியவில்லை. அவ்வாண்டிலேயே அதன் முறையைப் பின்பற்றி, கைப்பேசித் திரையில் விரலால் வரைந்து ஒலி எழுப்பும் ஒரு மென்பொருளும் வெளிவந்தது.

பெட்டிக்குள் போன 'ஸ்டில் பாயிண்ட்' தாள்களும் மீண்டு வந்தன. 2018 ஜூலையில் பெரிய இசைக்குழுவும் சுழலும் இசைத்தட்டுகளுமாக அது அரங்கேறியது. அரங்கேறிய இடம், 17 வயதுப் பெண் ஒருத்தி போர் இரவுகளில் இசைத்தட்டோடு காத்திருந்த அதே ராயல் ஆல்பர்ட் மண்டபம்.